ரயில்வே கேட்டில் இரண்டு மாப்பிள்ளைகள்

என் கல்யாணத்தன்று காலை வரையில், ரயில்வே கேட்டில் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்கிறவன்தான் எல்லோருக்கும் முன்னால் அக்கரை சேருவான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள். சந்தேகமிருந்தால் கேட் மூடியிருக்கிற நேரமாகப் பார்த்துக் கொருக்குப்பேட்டைப் பக்கம் போய் நில்லுங்கள். இடப்பக்கம் வரிசையாக நிற்கிற வண்டிகளை விட்டு ஒரு புத்திசாலி விலகி, காலியாகக் கிடக்கிற வலப்பக்கத்தில் ஏறி, கேட்டின் மூக்கருகே போய் நிற்பான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு புத்திசாலிகள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. கேட் திறக்கும். இரண்டு பக்கமும் முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு, மல்யுத்தத்துக்கு வந்தவர்கள் மாதிரி எதிரும் புதிருமாக நிற்பார்கள். அப்புறம் ஒரு பயலும் நகர முடியாது.

நான் நின்றது பட்டு வேட்டியோடு. அது ஒன்றுதான் வித்தியாசம்.

சாமந்தி மாலை

ஐப்பசித் தூறல். விடிந்தும் விடியாத மாதிரி ஒரு வெளிச்சம். ரயில் கரியின் வாசனையும், ஈர வைக்கோல் வாசனையும், என் கழுத்து மாலையின் சம்பங்கி வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன. இன்றைக்கும் ஈரச் சம்பங்கியை முகர்ந்தால் எனக்கு முதலில் ரயில்வே கேட்தான் ஞாபகம் வரும். சில பேருக்குக் கல்யாண நினைவு அப்படி வருகிறது.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். பெண் வீடு தண்டவாளத்துக்கு மேற்கே, கொருக்குப்பேட்டையில். காக்கை பறந்தால் கூப்பிடு தூரம். அம்மா, அப்பா, மற்ற சனம் எல்லோரும் முதல் நாள் சாயங்காலமே அங்கே ஜாகைக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் தன் வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இன்னொன்றும் உண்டு. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்த வண்டி ஓரடிகூடப் பின்னால் போகக் கூடாது. போனால் குடும்பம் பின்னால் போகும்.

இதற்காகவே வாடகைக் காரை முந்தின நாள் இரவே மேற்குப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தார் சித்தப்பா. அப்பாவின் தம்பி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் போட்டவர். பட்டணத்துக்கு வந்து இருபது வருஷமாகியும் மீசையையும் பேச்சையும் ஊரில் இருந்தபடியே வைத்திருந்தார். காரில் டிரைவர், முன் சீட்டில் சித்தப்பா, பின் சீட்டில் நான், என்னோடு ஒரு தேங்காய்த் தட்டு. பானெட்டின் மேல் சாமந்தி மாலை.

கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற சரக்கு வண்டி முன்னும் பின்னும் போய்வந்து பெட்டி கோத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் மாட்டு வண்டிகள் நீளமாக நின்றன.

"டிரைவர், வலது பக்கம் காலியாத்தானே இருக்கு?" என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். சித்தப்பா இல்லை, டிரைவர் இல்லை. பிற்பாடு வீட்டில் இந்தக் கதை பேசப்படும்போதெல்லாம் சித்தப்பா தலையில் போடப் பார்த்திருக்கிறேன். அவர் இப்போது இல்லை. ஆகையால் உண்மையைச் சொல்லிவிடுவது பாதுகாப்பானது.

எதிரே ஒரு சாரட்டு

கேட் திறந்ததும் எங்கள் கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. தண்டவாளத்துக்கு நடுவில் போட்டிருந்த பலகைமேல் ஏறி அப்படியே நின்றது.

எதிரே ஒரு குதிரையின் முகம்.

குதிரைக்குப் பின்னால் ஒரு சாரட்டு வண்டி. மல்லிகைச் சரங்களைத் திரையாகத் தொங்கவிட்டு, மூங்கில் வளைவில் ஜிகினாத் தாள் சுற்றி, சும்மா ஜொலித்தது. உள்ளே முகம் தெரியாமல் பூச்சரம் தொங்க ஒரு மாப்பிள்ளை. அவரும் எங்களைப் போலவே தன் வரிசையை விட்டு வலப்பக்கம் ஏறி வந்திருக்கிறார். கேட் திறந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நடுச் சாலைக்கு ஒடித்ததில் நேருக்கு நேர் வந்துவிட்டோம்; அதற்குமேல் இடப்பக்கம் திரும்ப இரண்டு பேருக்கும் இடமில்லை. அவரவர் பக்கத்தில் மாட்டு வண்டிகள் சக்கரத்தோடு சக்கரம் உரசி நின்றன.

யோசித்துப் பாருங்கள். என் பக்கம் நின்றவர்களில் அதிபுத்திசாலி நான். அந்தப் பக்கத்து அதிபுத்திசாலி அவர். கடவுள் இரண்டு பேரையும் நேருக்கு நேர் கொண்டுவந்து விட்டார்.

"பின்னால எடுவே!" என்றார் சித்தப்பா, தலையை வெளியே நீட்டி.

சாரட்டிலிருந்து தொப்பி போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று அப்புறம் தெரிந்தது. பெயர் காசிம் பாய். வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம்.

"இன்னாங்க இது? நிக்காவுக்குப் போய்கினு கீற வண்டிய ரிவர்ஸ் எடுக்கச் சொல்றீங்கோ?"

"நான் மட்டும் என்ன எழவு வீட்டுக்கா போறேன்? உள்ளார பாரும். மாப்ள இருக்காம்லா!"

காசிம் பாய் குனிந்து என்னைப் பார்த்தார். நான் அசட்டுத்தனமாகக் கும்பிட்டேன். அவரும் மரியாதையாக நெற்றிக்குக் கையைக் கொண்டு போனார். பிறகு நிமிர்ந்து சண்டையைத் தொடர்ந்தார்.

இதற்குள் குதிரை எங்கள் சாமந்தி மாலையைத் தின்ன ஆரம்பித்திருந்தது.

சாவி மடியில், குதிரை கம்பத்தில்

எனக்கு அந்த நேரத்தில் இருந்த பயத்தைச் சொல்ல வேண்டும். முகூர்த்தம் எட்டு மணிக்குள். பெண்ணுக்கு அத்தை மகன் ஒருவர் இருந்தார். யானைக்கவுனியில் எண்ணெய் மண்டி. கர்லாக்கட்டை சுற்றுகிற உடம்பு. பெண்ணை அவருக்குக் கொடுப்பதாக முதலில் ஒரு பேச்சு இருந்து, ஏதோ மனத்தாங்கலில் நின்றுபோய், அப்புறம்தான் என்னிடம் வந்தார்கள். நல்ல நேரம் தவறினால் பெண்ணின் அத்தை சும்மா இருப்பாளா? "அதுக்கென்ன, என் பிள்ளை இங்கேதானே நிற்கிறான்" என்பாள். அவனும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக வந்திருப்பான்.

கல்யாணத்துக்கு வருகிற எல்லோரும் வெள்ளை வேட்டிதான் கட்டிக்கொண்டு வருவார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஐயர் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார். அத்தை மகன் மணையில் உட்காருகிறான். இதெல்லாம் காருக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு வர்ணத்தில் தெரிந்தது. நான் வேர்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்த் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றேன். ஏன் தின்றேன் என்று தெரியாது.

வெளியே சண்டை முற்றியது.

"நாங்க நகர மாட்டோம்வே. சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இருப்போம்" என்றார் சித்தப்பா.

"இருங்களேன். எங்களுக்கு இன்னா, சோறு வூட்லேந்து வரும்."

"சொன்னா நம்ப மாட்டேரா? டிரைவர், எஞ்சினை நிப்பாட்டு. சாவியைக் குடு."

சாவியை வாங்கி, காசிம் பாய் பார்க்கும்படி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார்.

காசிம் பாய் அசரவில்லை. வண்டிக்காரரைப் பார்த்து, "மஸ்தான், குதிரைய அவுருப்பா" என்றார். மஸ்தான் குதிரையை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கேட் கம்பத்தில் கட்டிப் புல்லையும் உதறிப் போட்டுவிட்டார். சாரட்டு ஏர்க்கால் தரையில் ஊன்ற, முழங்கால் போட்ட ஒட்டகம் மாதிரி நின்றது.

கேட்காரர் துரைசாமி சிவப்புக் கொடியோடு ஓடி வந்தார். வண்டிகள் நகர்ந்தால்தான் கேட்டை மூடலாம். மூடினால்தான் ரயிலுக்குக் கைகாட்டி இறங்கும். தூரத்தில் அடுத்த சரக்கு ரயில் நின்று கூவிக்கொண்டிருந்தது.

"யோவ், நைனா! ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒத்துங்கய்யா! பேஜாரா பூட்ச்சே!"

"அவரைச் சொல்லும்!" என்று இரண்டு பெரியவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

படிப்பகத்துக் கரும்பலகை

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் கேட்டிலேயே நிறுத்திவிட்டு வருகிறேன். எப்படியும் அது நகரப் போவதில்லை.

இப்போது, இதை எழுதுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், எங்கள் பேட்டைப் படிப்பகத்தில் ஒரு கூட்டம். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் வந்து பேசினார். மனிதர்கள் நடந்துகொள்வதற்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கிறதாம். ஆட்டக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். எதிராளி என்ன செய்வான் என்பதை வைத்து நாம் என்ன செய்வதென்று தீர்மானிக்கிறோம்; அவனும் நம்மை வைத்து அதையே செய்கிறான். சீட்டாட்டமும் அதுதான், யுத்தமும் அதுதான், பெண் பார்க்கப் போவதும் அதுதான்.

கரும்பலகையில் ஒரு குறுகலான பாதை போட்டு, எதிரெதிராக இரண்டு வண்டி வரைந்தார். "இரண்டு பேருமே மற்றவன் விலகட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்றார்.

"ஒன்றுமில்லை சார். அந்த இடது பக்க வண்டியில் நான் உட்கார்ந்திருந்தேன்."

அவர் நல்ல மனிதர். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது முழுக் கதையையும் கேட்டார். சாவியை மடியில் சொருகிய இடத்தில் கையைத் தட்டினார். 'என்னால் இனிமேல் விலகவே முடியாது, ஆகையால் நீதான் விலகியாக வேண்டும்' என்று எதிராளிக்குக் காட்டுகிற தந்திரமாம் அது. உங்கள் சித்தப்பா என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். "குதிரையை அவிழ்த்தது அதைவிட உயர்ந்த ஆட்டம். சாவியைத் திரும்ப எடுத்துவிடலாம், குதிரை பூட்ட நேரமாகும்" என்றார்.

"இரண்டு பேரும் உயர்ந்த ஆட்டம் ஆடினால்?" என்று கேட்டேன்.

"இரண்டு பேருக்கும் கல்யாணம் நடக்காது" என்றார்.

பித்தளை அண்டா

அவர் பேசியதில் எனக்கு நன்றாகப் புரிந்த இன்னொரு பகுதி உண்டு. 'நான் என்ன நினைக்கிறேன் என்று அவன் நினைக்கிறான் என்று நான் நினைப்பது.' புரியவில்லையா? எங்கள் வீட்டில் அது ஒரு பித்தளை அண்டா வடிவத்தில் நடந்தது.

யுத்தகாலம். ஜப்பான்காரன் கடல் வழியாக வருகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. எங்கள் அப்பா அசையவில்லை. "பக்கத்து வீட்டு நாயுடு விவரமானவர். அவர் மூட்டை கட்டினால் நாமும் கட்டுவோம்" என்றார். நாயுடு அவர் வீட்டில் எங்கள் அப்பாவைப் பற்றி அதையே சொல்லியிருக்கிறார். இது எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் அம்மா பரண்மேல் இருந்த பெரிய அண்டாவை இறக்கிப் புளி போட்டு விளக்கி, கொல்லையில் வெயிலில் கவிழ்த்து வைத்தாள். தீபாவளிக்கு விளக்காமல் விட்டது உறுத்தியதாம். நாயுடு வீட்டம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். 'அண்டா இறங்கிவிட்டது.' மத்தியானம் நாயுடு வீட்டு முற்றத்தில் ஒரு மூட்டை. அப்பா பார்த்தார். 'நாயுடு கட்டிவிட்டார்.' சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷனில் இரண்டு குடும்பமும் ஒரே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம்.

"நீங்க கிளம்பினதைப் பாத்துதான் சார் நாங்களும் கிளம்பினோம்" என்றார் நாயுடு.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அண்டாவைப் பார்த்தாள். அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம்.

அந்தக் கூட்டத்தில் சொன்னதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். என் மனைவி கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டாள். "அதுக்கு எதுக்கு கணக்கு வாத்தியார்? குழாயடியில பாருங்க. ஒருத்தி குடத்தை வெச்சுட்டுப் போனா அந்தக் குடத்தை ஒருத்தியும் நகர்த்த மாட்டா. ஏன்னா நாளைக்குக் காலைல அதே மூஞ்சிலதான் முழிக்கணும். கேட்ல நிக்கிறவன் மூஞ்சியை இனிமே நீங்க பாக்கப் போறதில்ல. அதான் முட்டிக்கிறீங்க."

யோசித்தால் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வாத்தியாரிடம் போய்ச் சொல்லவில்லை.

கேட்காரர் குடிசைக்குப் பின்னால்

கல்யாணத்துக்குத் திரும்புவோம்.

பயம் வந்தால் சில பேருக்குக் கை நடுங்கும். எனக்கு வேறு மாதிரி. பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. மாலையைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்காரர் குடிசைக்குப் பின்பக்கம் ஓடினேன். முள்வேலி, கொஞ்சம் தகரம், ஒரு முருங்கை மரம்.

வேலையை முடித்துக்கொண்டு திரும்பினால், முருங்கை மரத்தடியில் அந்த மாப்பிள்ளை. பூச்சரத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு காதுக்கும் பின்னால் மாட்டிவிட்டு, பீடி குடித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான். என்னைவிட வெளுத்துப் போயிருந்தார்.

"இன்னாபா, உனுக்கும் வயிறு கலக்கிடுச்சா?"

"ஆமாம்" என்றேன்.

"எனுக்கு காலைலேந்து. இந்த மாமு வேற." ஒரு பீடியை நீட்டினார். எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். "நீ ஒரு வார்த்தை சொன்னா உங்காளு கேக்க மாட்டாரா?"

"சித்தப்பாவா? மாப்பிள்ளை வண்டி பின்னால் போனால் குடும்பம் விளங்காது என்கிறார். உங்களிலும் அப்படி உண்டோ?"

"எங்கள்ல அதெல்லாம் கெடையாது. ஆனா இத்தினி பேரு பாக்கறப்போ உங்காளு சொல்லி எங்க மாமு பின்னால போனார்னு வை, நாளைக்கு ராயபுரத்துல பொண்ணூட்டுக்காரன் இன்னா பேசுவான்? அதான் அவருக்கு. ஆளுங்க பாக்கலன்னா எப்பவோ ஒத்திகினு பூட்டிருப்பாரு."

அவர் பெயர் சிராஜ். வீடு கொருக்குப்பேட்டையில். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பெண்ணை ஒரே ஒரு முறை, அதுவும் பாதி முகம்தான் பார்த்தாராம். நேரமாகிவிட்டால் இமாம் வேறு நிக்காவுக்குப் போய்விடுவார் என்று அவருக்குக் கவலை. நான் அத்தை மகனைப் பற்றிச் சொன்னேன். கர்லாக்கட்டை என்றதும் அனுதாபமாகத் தலையை ஆட்டினார்.

எதிரே தண்டவாளத்தில் இரண்டு கிழவர்களும் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். அங்கே சண்டை போடுகிற அதே இரண்டு கட்சிதான் இங்கேயும். இங்கே பார்க்க ஆளில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"வண்டி போவணும்னு யார் சொன்னது?" என்றார் சிராஜ் திடீரென்று. "நாம போனா பத்தாதா?"

"நடந்தா? பட்டு வேட்டியோடயா? அந்தச் சேற்றிலயா?"

"நடக்கறது ரயில் ரோடு வரைக்கும்தாம்பா. நீ என் வண்டில ஏறு. நான் உன் வண்டில ஏறறேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பூச்சரம் நசுங்கியது.

பச்சைக் கொடி

சித்தப்பாவிடம் விஷயத்தைப் பக்குவமாகத்தான் சொன்னேன்.

"சித்தப்பா, மாப்பிள்ளை ஏறின வண்டிதானே பின்னால போகக் கூடாது? இப்ப நான் காரில இல்லை. அப்போ அது வெறும் காரு."

மீசையைத் தடவினார். "ஆமா, வெறும் காருதான்."

"வெறும் காரைத் திருப்பி நிறுத்தினா, அதில அவர் ஏறிக் கிழக்கே போவாரு. அவருக்கு அது முன்னாலதான் போகும். சாரட்டைத் திருப்பி மேற்கே பார்த்து நிறுத்தினா, நாம அதில ஏறி முன்னாலதான் போவோம்."

"எவனும் பின்னால போகலியே?"

"ஒருத்தரும் போகலை."

சித்தப்பா வெறும் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அந்தப் பக்கம் சிராஜ் தன் மாமுவிடம் இதையே பாடிக்கொண்டிருந்தார். கடைசியில் சித்தப்பா சொன்னார்: "நல்ல ரோசனைதாம்லே. ஆனா மொதல்ல அவம் திருப்பட்டும்."

காசிம் பாயும் அதையே சொல்லியிருந்தார். 'மொதல்ல அவர் திருப்பட்டும்.'

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் துரைசாமி உள்ளே புகுந்தார். காலையிலிருந்து எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த மனிதர்.

"ரெண்டு பேரும் மொதல் இல்ல, ரெண்டு பேரும் அப்பால இல்ல. நான் பச்சக் கொடி காட்டுவேன். காட்டினா ரெண்டு வண்டியும் ஒரே டைம்ல நகரணும். ரயிலே என் கொடிக்கு நிக்கிது, நீங்க இன்னாயா!"

கொடிக்குக் கட்டுப்படுவதில் ஒருவருக்கும் மானக்குறைவு இல்லை. சாவி மடியிலிருந்து வந்தது. பச்சைக் கொடி அசைந்தது. சாரட்டுக்கோ குதிரை அவிழ்த்திருந்ததே வசதியாகப் போயிற்று. நாலு பேர் ஏர்க்காலைப் பிடித்துத் தொட்டிலைத் திருப்புகிற மாதிரி திருப்பிவிட்டார்கள். 

கார் பின்னால் போவதற்குத்தான் இடமில்லை. என் பேச்சைக் கேட்டு நாங்கள் வலப்பக்கம் ஏறியபோது, எங்களைப் பார்த்து இன்னும் சிலர் ஏறி வந்திருந்தார்கள். காருக்கு நேர் பின்னால் ஒரு கைரிக்ஷா. தூறலுக்காக முன்பக்கம் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தது. உள்ளே யாரென்று தெரியவில்லை.

"ஏ ரிக்ஷா! பின்னால போ! போ!" என்று சித்தப்பா கத்தினார்.

தார்ப்பாய்க்குள்ளிருந்து வெள்ளைத் துணியில் ஒட்டுப் போட்ட ஒரு கறுப்புக் குடை நீண்டு, முடியாது என்பதுபோல் ஆடியது.

"பெரிய கலெக்டரு, குடையை ஆட்டுதாரு! மாப்ள வண்டிக்கு வழி விடும்வே!" சித்தப்பா ரிக்ஷாவின் கைப்பிடியைத் தம் கையாலேயே பிடித்துத் தள்ளினார். நானும் ஒரு கை கொடுத்தேன். பயந்தவனுக்கு வருகிற பலம் சாதாரணமல்ல. ரிக்ஷா, அதன் பின்னால் கைவண்டி, அதன் பின்னால் இன்னொரு ரிக்ஷா என்று எல்லாவற்றையும் வரிசையின் வாலுக்கே கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தோம்.

நானும் சிராஜும் தண்டவாளத்துக்கு நடுவில் எதிரெதிரே வந்தோம். "வரட்டா தோஸ்து" என்றார். "குதிரைகிட்ட பூவைக் காட்டாத. நின்னுடும்." அவர் காசிம் பாயோடு காரில் ஏறினார். நான் சித்தப்பாவோடு சாரட்டில் ஏறினேன். மஸ்தான் குதிரையைப் பூட்டிச் சாட்டையைச் சொடுக்கினார்.

மல்லிகைத் திரைக்குள் சித்தப்பா மீசையோடு உட்கார்ந்திருந்த காட்சியை ஒருவரும் படம் பிடிக்கவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

பந்தலில்

பெண் வீட்டு வாசலில் சாரட்டு நின்றது. மாமனார் ஓடி வந்தார். மல்லிகைத் திரையையும் ஜிகினா வளைவையும் மஸ்தான் தலையிலிருந்த தொப்பியையும் பார்த்தார்.

"பாய் வீட்டுக் கலியாணம் பின் தெருவுலங்க. இப்படி வலது கைப் பக்கம் திரும்பிடுங்க" என்று மரியாதையாக வழி சொன்னார்.

"மாமா, நான்தான்" என்று திரையை விலக்கினேன்.

அவர் முகத்தில் அப்போது ஓடிய சந்தேகங்களை நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. அதற்குள் குதிரை பந்தல் தோரணத்தின் தென்னங்குருத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டதால், விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. ஆரத்தி எடுத்தார்கள். நான் ஆரத்தியைப் பார்க்கவில்லை. கண்ணால் அத்தை மகனைத் தேடினேன்.

மணையில் இல்லை. மணையில் ஒருவருமே இல்லை. நாதஸ்வரக்காரர் ஒரு ஓரமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அத்தை மகன் பந்திப் பக்கமிருந்து வந்தார். வெள்ளை வேட்டிதான். அதை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, கையில் சாம்பார் வாளி வைத்திருந்தார்.

"வாங்க மாப்ளே" என்றார். "வர்ற வழியில எங்கியாவது ஐயரைப் பாத்தீங்களா? தண்டையார்பேட்டையிலேர்ந்து வரணும். இன்னும் ஆளைக் காணோம்."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை.

காத்திருந்தோம். மாமனார் சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். எட்டு மணி ஆயிற்று. கொஞ்சம் தாண்டியும் ஆயிற்று. அப்புறம், தெருக் கோடியில், வேட்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு ஒருவர் நடந்து வருவது தெரிந்தது. தலைக்கு மேல் கறுப்புக் குடை. அதில் வெள்ளைத் துணி ஒட்டு.

"மாப்பிள்ளை கார் போறதே, அது பின்னாடியே போனா சீக்கிரம் போயிடலாம்னு ரிக்ஷாக்காரன்கிட்டே நான்தான் சொன்னேன்" என்றார் ஐயர், மூச்சு வாங்கிக்கொண்டு. "நேரே பின்னாடிதான் நின்னேன். எவனோ ஒரு மீசைக்காரன், கூட ஒரு தடியன், ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னை ரோட்டு முனைக்கே தள்ளிட்டுப் போயிட்டா. இறங்கி நடந்து வரேன்."

சித்தப்பா பந்தலின் மேல்கட்டுத் துணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். தடியன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிராஜுக்கு நேரத்தோடு நிக்கா நடந்தது. கார் மத்தியானம் திரும்பி வந்தபோது டிரைவர் சொன்னார். எங்களுக்கு முகூர்த்தம் தவறிவிட்டது. ஐயர் கால் கழுவிக்கொண்டு வந்து, பஞ்சாங்கத்தைப் புரட்டி, இன்னொரு நல்ல நேரம் சொன்னார். அந்த நேரத்தில் தாலி கட்டினேன். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் "கெட்டிமேளம்" என்று குரல் கொடுத்தவர் அத்தை மகன்தான்.